கணினி கற்போம்: மின்னஞ்சல் பெட்டி ஹேங் ஆகி நின்றால் என்ன செய்வது?



நம் கூட்டமைப்பு அலுவலகங்களில் இப்போது பாதி வேலை மின்னஞ்சலில்தான் நடக்கிறது. வங்கியின் கடன் அனுமதிக் கடிதம், தணிக்கையாளர் கேட்கும் விவரம், பொருள் வாங்குபவர் அனுப்பும் ஆர்டர், பயிற்சிக்கான அழைப்பு எல்லாம் அதில்தான் வருகிறது. அந்த மின்னஞ்சல் பெட்டி திடீரென்று ஹேங் ஆகி நின்றால்? திறந்த ஐந்தாவது நிமிடம் தானாக மூடிக்கொண்டால்?

"ஐயோ, எல்லாம் போச்சா!" என்று மனசு பதறும். உடனே சர்வீஸ் தம்பிக்கு போன் போடுவோம். அவரும் வந்து பார்த்துவிட்டு, "பார்மேட் பண்ணிடலாம்க்கா, புதுசு மாதிரி ஓடும்" என்பார். நாமும் சரி என்று தலையாட்டிவிடுவோம். கணினி புதுசு மாதிரி ஓடும், சரிதான். ஆனால் ஐந்தாறு வருடக் கடிதங்கள் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். பழுது சின்னதாக இருக்கும்; அதைச் சரி செய்யப் போய் வரும் நஷ்டம்தான் பெரிதாக இருக்கும்.

அதனால் இந்தப் பாடத்தின் சாரம் ஒரே வரிதான்: முதலில் கடிதங்களைப் பிரதி எடுங்கள், பிறகு பழுதைத் தேடுங்கள்.

எல்லா மின்னஞ்சல் மென்பொருளுக்கும் இது பொருந்தும். பாடத்துக்கு எடுத்துக்காட்டாகத் தண்டர்பேர்டை எடுத்துக்கொள்வோம். மொசில்லாவின் இந்த மென்பொருளின் முதல் முழுப் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. இதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியில் இதை எப்படிக் கையாளுவது என்று பார்ப்போம்.

முதலில் புரிந்துகொள்வோம்

மென்பொருள் வேறு, கடிதங்கள் வேறு. அலுவலக பீரோவும் அதற்குள் இருக்கும் தீர்மானப் புத்தகமும் போல. பீரோவின் பூட்டு கெட்டுப் போனால் பீரோவைத்தானே சரி செய்வோம்? தீர்மானப் புத்தகத்தை யாராவது எரிப்போமா? தண்டர்பேர்ட் நின்று போவது பெரும்பாலும் பீரோவின் பழுது. கடிதங்கள் 'ப்ரொஃபைல்' என்ற தனி போல்டரில் பத்திரமாக இருக்கும். தண்டர்பேர்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால்கூட அந்த போல்டர் அப்படியே இருக்கும். பார்மேட் செய்தால் மட்டும் பீரோவோடு புத்தகமும் போய்விடும்.

இன்னொன்று. தண்டர்பேர்டில் இன்பாக்ஸ் என்பது பொதுவாக ஒரே ஒரு பெரிய கோப்பு. ரொக்கப் புத்தகத்தில் வரிசையாக எழுதிக்கொண்டே போவது போல, வருகிற கடிதங்களை எல்லாம் அது ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கோப்பிலேயே எழுதுகிறது. நீங்கள் ஒரு கடிதத்தை அழித்தால் அந்த வரியின்மேல் கோடு போடுகிறது, அவ்வளவுதான். பக்கம் கிழிவதில்லை, இடமும் மிச்சமாவதில்லை. பல வருடம் இப்படியே போனால், 300 கடிதம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற இன்பாக்ஸ், உள்ளே பல ஜிபி கனத்தோடு உட்கார்ந்திருக்கும். திறக்கத் திணறத்தானே செய்யும்?

அந்தப் புத்தகத்துக்கு ஒரு பொருளடக்கமும் உண்டு. எந்தக் கடிதம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சின்னக் கோப்பு அது. மின்சாரம் போய் கணினி சட்டென்று அணைந்தால் இந்தப் பொருளடக்கம் குழம்பிவிடலாம். அப்போது கடிதம் இருந்தும் தெரியாது. அல்லது அந்த போல்டரைத் தொட்டாலே ஹேங் ஆகும்.

உங்கள் கடிதங்கள் எங்கே இருக்கின்றன?

இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' போய் 'சர்வர் செட்டிங்ஸ்' பாருங்கள். அதில் 'ஐமேப்' என்று இருந்தால் கடிதங்களின் மூலப்படி சேவை தருபவரின் கணினியில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது நகல். 'பாப்' என்று இருந்தால் கவனம் தேவை. கடிதங்களை இறக்கிக்கொண்டு, அங்கே இருப்பதை அழித்துவிடும்படி அது அமைக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் உலகத்திலேயே அந்தக் கடிதங்கள் இருக்கிற ஒரே இடம் உங்கள் மேசைமேல் இருக்கிற அந்தக் கணினிதான்.

ஐமேப் வைத்திருப்பவர்களும் 'லோக்கல் போல்டர்ஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். அதற்குள் நகர்த்தி வைத்த கடிதங்கள் உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கும்.

படி 1: என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்

டாக்டரிடம் போனால் "எங்கே வலிக்குது, எப்போ இருந்து?" என்று கேட்பார் இல்லையா, அது போலத்தான். மூன்று வகை உண்டு.

* ஹேங் ஆவது: ஜன்னல் அசையாது, மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும்.
* தானாக மூடிக்கொள்வது: மொசில்லாவின் 'கிராஷ் ரிப்போர்ட்டர்' என்ற சின்ன ஜன்னல் வரலாம்.
* திறக்கும், ஆனால் கடிதம் வராது. பாஸ்வேர்டை மறுபடி மறுபடி கேட்கும்.

மூன்றாவது வகை மென்பொருள் பழுதே இல்லை. அது கணக்கு நுழைவில் உள்ள பிரச்சினை. எடுத்துக்காட்டாக, 2022 மே மாதக் கடைசியிலிருந்து தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை வைத்து இப்படிப்பட்ட மென்பொருளில் நுழைவதை கூகுள் நிறுத்திவிட்டது. சர்வர் செட்டிங்ஸில் 'ஓஆத் 2' என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

முதல் இரண்டு வகை என்றால், எந்த நேரத்தில் நடக்கிறது என்று பாருங்கள். திறந்த உடனேயா? ஒரு குறிப்பிட்ட போல்டரைத் தொட்டாலா? ஒரே ஒரு கடிதத்தைத் திறந்தாலா? புதிதாக எதையாவது நிறுவிய பிறகா? ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே இருக்கிறது.

படி 2: கொஞ்சம் பொறுங்கள்

'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தாலே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரிய இன்பாக்ஸை ஒழுங்கு செய்துகொண்டிருக்கலாம். நிறையக் கடிதங்களை இறக்கிக்கொண்டிருக்கலாம். கணினிப் பெட்டியின் ஹார்டு டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் சுவிட்சை அணைப்பதுதான் கோப்பைக் கெடுக்கும்.

அப்படியும் அசையவில்லையா? கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் தண்டர்பேர்டைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள்.

மறுபடி திறக்கும்போது, 'தண்டர்பேர்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பதில் சொல்லவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரலாம். பழையது முழுவதும் மூடவில்லை என்று அர்த்தம். கணினியை முறைப்படி ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

படி 3: பிரதி எடுங்கள். இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

1. தண்டர்பேர்டை முழுவதும் மூடுங்கள்.
2. விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்துங்கள். சின்னப் பெட்டி வரும்.
3. அதில் ஆங்கிலத்தில் 'ஆப்டேட்டா' என்ற சொல்லை இடைவெளி இல்லாமல், முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு எழுதி என்டர் தட்டுங்கள்.
4. திறக்கும் இடத்தில் 'தண்டர்பேர்ட்' என்ற போல்டர் இருக்கும். அதை அப்படியே முழுசாகப் பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ காப்பி செய்யுங்கள். 'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பல பென் டிரைவ்கள் 'ஃபேட் 32' என்ற பழைய முறையில் இருக்கும். அதில் 4 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பு ஏறாது. இடம் காலியாக இருந்தும் "பைல் ரொம்பப் பெரிசு" என்று அடம் பிடித்தால் காரணம் இதுதான். காலியான பென் டிரைவை 'எக்ஸ்ஃபேட்' முறையில் பார்மேட் செய்து பயன்படுத்துங்கள். பார்மேட் ஆவது பென் டிரைவ் மட்டும்தான் என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டு, சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் இந்த போல்டருக்குள்தான் இருக்கும். ஆகவே அந்தப் பென் டிரைவ் செக் புத்தகத்துக்குச் சமம். பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். பாட்டு ஏற்ற யாருக்கும் கொடுக்காதீங்க.

படி 4: ஒவ்வொரு காரணமாகச் சோதியுங்கள்

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். நான்கை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

*அ) ஷிப்ட் சோதனை.* ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே தண்டர்பேர்டைத் திறங்கள். 'ட்ரபிள்ஷூட் மோட்' வரும். அதில் பிறர் செய்த துணை நிரல்கள், அதாவது 'ஆட் ஆன்', எதுவும் ஓடாது. இந்த முறையில் ஒழுங்காக ஓடினால் கடிதங்கள் மேல் குற்றமில்லை. ஏதோ ஒரு ஆட் ஆன்தான் காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதுவும் இல்லாமலும் ஹேங் ஆனால், செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் உள்ள 'ஹார்டுவேர் ஆக்ஸலரேஷன்' என்ற டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். பழைய கணினிகளில் திரை தொடர்பான தகராறு இதில் தீரும்.

*ஆ) வயர் சோதனை.* இணைய வயரைக் கழற்றிவிட்டு (வைஃபை என்றால் அணைத்துவிட்டு) திறங்கள். இப்போது ஒழுங்காகத் திறந்தால், கடிதம் இறங்கும் நேரத்தில்தான் சிக்கல். பெரிய இணைப்போடு வந்த ஒரு கடிதம் அடைத்துக்கொண்டிருக்கலாம். பிரவுசர் வழியாக உங்கள் மின்னஞ்சலைத் திறந்து, அந்தக் கடிதத்தின் இணைப்பை இறக்கி வைத்துக்கொண்டு, கடிதத்தை வேறு போல்டருக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

*இ) இடம் இருக்கிறதா?* 'திஸ் பிசி' திறந்து சி டிரைவைப் பாருங்கள். பட்டை சிவப்பாக இருந்தால் இடம் தீர்ந்து வருகிறது. எழுத இடமில்லாமல் தவிக்கும் மென்பொருள் நின்றுதான் போகும். தேவையில்லாத வீடியோ, பழைய டவுன்லோடு ஆகியவற்றை அகற்றுங்கள்.

*ஈ) காம்பேக்ட்.* கோடு போட்ட வரிகளை விட்டுவிட்டு, நல்ல வரிகளை மட்டும் புது நோட்டில் எழுதி, பழைய நோட்டைத் தூக்கிப் போடுவதுதான் இது. ஆல்ட் விசையைத் தட்டினால் மெனு தெரியும். 'பைல்' மெனுவில் 'காம்பேக்ட் போல்டர்ஸ்' கொடுங்கள். புது நோட்டு எழுதி முடிக்கும் வரை பழைய நோட்டும் இருக்க வேண்டும் அல்லவா? அதனால் இன்பாக்ஸ் எவ்வளவு பெரிதோ அதற்கு மேல் காலி இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். முடியும் வரை வேறு எதையும் தொட வேண்டாம். கரண்ட் போகும் நேரம் பார்த்து இதைத் தொடங்கவும் வேண்டாம்.

*உ) ரிப்பேர்.* ஒரு குறிப்பிட்ட போல்டர் மட்டும் தகராறு செய்தால், அதன்மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போய் 'ரிப்பேர் போல்டர்' கொடுங்கள். பழைய பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டு, புத்தகத்தைப் பார்த்துப் புதுப் பொருளடக்கம் எழுதும். ஒரு போல்டர் முடிந்த பிறகு அடுத்தது.

*ஊ) ஆன்டிவைரஸ்.* இது பலருக்குத் தெரியாத காரணம். இன்பாக்ஸ் ஒரே கோப்பு என்று பார்த்தோம். ஒவ்வொரு கடிதம் வரும்போதும் ஆன்டிவைரஸ் அந்தப் பெரிய கோப்பை முழுவதும் சோதிக்கப் பிடித்துக்கொண்டால், தண்டர்பேர்ட் காத்துக்கொண்டு நிற்கும். அதைவிட மோசம், ஒரு கெட்ட கடிதத்துக்காக இன்பாக்ஸ் கோப்பையே தூக்கிச் சிறையில் அடைத்துவிடலாம். திறந்து பார்த்தால் இன்பாக்ஸ் காலி! அப்படி ஆனால் ஆன்டிவைரஸின் 'குவாரன்டைன்' பகுதியில் தேடுங்கள். அங்கே இருந்தால் திரும்ப எடுக்கலாம். இது வராமல் இருக்க, ப்ரொஃபைல் போல்டரைச் சோதனையிலிருந்து விலக்கி வைக்கும் வசதி ஆன்டிவைரஸில் உண்டு. ஆனால் ஆன்டிவைரஸை முழுவதும் நிறுத்திவிடாதீர்கள். இணைப்பைத் திறப்பதற்கு முன் தனியாகச் சேமித்து, அதைச் சோதித்துவிட்டுத் திறங்கள்.

*எ) புது ப்ரொஃபைல்.* எதுவும் கேட்கவில்லையா? 'ஹெல்ப்' மெனுவில் உள்ள 'ட்ரபிள்ஷூட்டிங் இன்பர்மேஷன்' வழியாகப் புது ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கலாம். பழையதை அழிக்கத் தேவையில்லை. அது பக்கத்திலேயே இருக்கும். புதியது நன்றாக ஓடினால் பழைய ப்ரொஃபைலின் அமைப்பு கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பழைய கடிதங்களைப் புதியதற்குள் கொண்டுவரும் வேலைக்கு மட்டும் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

தண்டர்பேர்ட் மட்டுமல்ல, எதைத் திறந்தாலும் கணினி நிற்கிறது, பெட்டிக்குள் 'டக் டக்' சத்தம் கேட்கிறது என்றால் இந்தச் சோதனைகளில் நேரத்தைப் போக்காதீர்கள். ஹார்டு டிஸ்க்கே போகப் போகிறது. பிரதி எடுத்துவிட்டு, டிஸ்க்கை மாற்றுங்கள்.

சகோதரிகள் கேட்கும் கேள்விகள்

*எங்க கணினி விண்டோஸ் 7. தண்டர்பேர்டைப் புதுப்பித்தால் சரியாகுமா?*

விண்டோஸ் 7-க்கும் 8-க்கும் ஓடும் கடைசித் தண்டர்பேர்ட் பதிப்பு 115 (அது வந்தது 2023-இல்). அதற்குப் பின் வந்தவை அந்தக் கணினிகளில் ஏறாது. விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாப்ட் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் போடும்போது கணினிக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

*கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, 'வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று திரையில் வந்தது. கூப்பிடலாமா?*

கூடவே கூடாது. அது ஏமாற்று வேலை. தூரத்திலிருந்தே கணினியைப் பார்க்கிறோம் என்று ஒரு மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். பிறகு ஓடிபி கேட்பார்கள். கூட்டமைப்புக் கணக்கே காலியாகும். தண்டர்பேர்ட் வேண்டுமானால் அதன் சொந்தத் தளமான தண்டர்பேர்ட் டாட் நெட்டிலிருந்து மட்டும் இறக்குங்கள்.

*இன்பாக்ஸ் பெருக்காமல் இருக்க என்ன வழி?*

வேலை முடிந்த கடிதங்களைத் தேர்ந்து 'ஏ' விசையைத் தட்டினால் 'ஆர்கைவ்ஸ்' என்ற போல்டருக்குள் வருடவாரியாகப் போய் உட்காரும். நாம் வவுச்சரை வருடவாரியாகக் கட்டி வைப்பது போலத்தான். மாதம் ஒரு முறை காம்பேக்ட் கொடுங்கள்.

*சர்வீஸ் தம்பி வந்தால் என்ன சொல்வது?*

"தம்பி, பார்மேட் எங்களைக் கேட்காம பண்ணக் கூடாது. முதல்ல ப்ரொஃபைல் போல்டரை எடுத்து இந்தப் பென் டிரைவ்ல போடுங்க. அதை வேற கணினியில திறந்து காட்டுங்க. அப்புறம் மத்த வேலை" என்று சொல்லுங்கள். இந்த நாலு வாக்கியம் தெரிந்தால் போதும். உங்கள் கடிதங்களுக்கு ஆபத்தில்லை.

கூட்டமைப்பு செய்ய வேண்டியது

இதை ஒரு ஆளின் தலையில் கட்டக் கூடாது. கணினி இயக்கும் பெண் விடுப்பில் போனாலும், வேலையை விட்டுப் போனாலும் கடிதங்கள் கூட்டமைப்புடையவை. செயற்குழுவில் தீர்மானம் போடுங்கள். மாதக் கணக்கு முடிக்கும் அன்றே மின்னஞ்சலுக்கும் பிரதி எடுக்க வேண்டும். இரண்டு பென் டிரைவை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். ஒன்று அலுவலக பீரோவில், மற்றொன்று செயலாளர் பொறுப்பில். அலுவலகத்தில் மழைத் தண்ணீர் புகுந்தாலும் ஒன்று மிஞ்சும். பிரதி எடுத்த தேதியையும் எடுத்தவர் பெயரையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

கடன் மறுக்கப்பட்டபோது வங்கி என்ன காரணம் எழுதியது, ஆர்டர் கொடுத்தவர் எந்த விலைக்கு ஒப்புக்கொண்டார், எந்தத் தேதியில் நாம் அறிக்கை அனுப்பினோம், இதற்கெல்லாம் சாட்சி அந்தக் கடிதங்கள்தான். தகராறு என்று வரும்போது, "நாங்க அனுப்பினோமே" என்று வாயால் சொல்வதற்கும் கடிதத்தை எடுத்துக் காட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் அலுவலகக் கணக்கு பாப் முறையா, ஐமேப் முறையா? யாருக்காவது தெரியுமா?
2. கடைசியாக எப்போது பிரதி எடுத்தோம்? அதைத் திறந்து பார்த்தோமா?
3. கணினி இயக்குபவர் இல்லாத நாளில் மின்னஞ்சல் நின்றால், படி 1 முதல் 3 வரை செய்ய வேறு இரண்டு பேர் பழகியிருக்கிறார்களா?

மூன்று கேள்விக்கும் பதில் கிடைக்கும் வரை இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கணினி மேசைக்கு மேல் சுவரில் ஒட்டி வையுங்கள், சகோதரிகளே.